கங்காணிச் சீட்டிலிருந்து கடப்பிதழ் வரை



நீண்ட பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் பெற்றோருள் சிலர் தமிழகப் பயணத்திற்கு ஆயத்தமாவது வழக்கம். குலதெய்வக் கோயில், திருமணப் பட்டுப் புடவை, மருத்துவம் எனக் காரணங்கள் பலவாக இருக்கும். சென்ற முறை அவ்வாறு புறப்படவிருந்த தாயார் ஒருவர், இந்திய விசா விண்ணப்பத்தை நிரப்புவதற்கு உதவி வேண்டிப் பள்ளிக்கு வந்திருந்தார். கணினியின் முன் அமர்ந்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பினோம். தந்தை பிறந்த ஊர் எது என்று படிவம் கேட்டது. பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பாகிஸ்தானைச் சேர்ந்தவர்களா என்றும் கேட்டது. அந்த அம்மையார் சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஐயா, எங்கள் தாத்தா அங்கிருந்து இங்கே வந்தபோது இப்படியெல்லாம் கேட்டார்களா?” என்றார்.

அன்று நான் சொன்ன விடை அரைகுறையானது. இக்கட்டுரை அதன் மீதியாகும்.

முதலில் சொற்களைப் பற்றி ஓரிரு வரிகள். நாம் கடப்பிதழ் என்று சொல்வதைத் தமிழகத்தில் கடவுச்சீட்டு என்பர். கடவு என்றால் வழி. இரண்டு சொற்களும் ‘கட’ என்னும் ஒரே வேரில் முளைத்தவை என்பதால் மாணவர் எதை எழுதினாலும் பிழையன்று. விசாவுக்கு நுழைவிசைவு என்னும் நல்ல சொல் உண்டு. ஆயினும் மக்கள் நாவில் விசாவே நிலைத்துவிட்டது. புகார்த் துறைமுகத்தில் பொருள்களுக்குப் புலி முத்திரை இட்டதைப் பட்டினப்பாலை கூறுவதை உயர்நிலை மாணவர் அறிவர். அங்கே முத்திரை மூட்டைக்கு இடப்பட்டது. மனிதருக்கு இடும் முத்திரை நம் கதையில் வெகு பிந்தியே வருகிறது.

கடல் நடுவே எல்லை இல்லாத காலம்

பினாங்கு 1786இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1826இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள் என ஒன்றாக்கப்பட்டன. 1867 ஏப்ரல் 1ஆம் நாள் வரை இவை இந்தியாவிலிருந்த அரசின் ஆட்சிக்கு உட்பட்டே இருந்தன. அதாவது, நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய ஒருவர், சட்டத்தின் கண்ணுக்கு நாடு விட்டு நாடு சென்றவர் அல்லர். ஓர் ஆட்சிப்பகுதியிலிருந்து மற்றோர் ஆட்சிப்பகுதிக்குச் சென்றவர், அவ்வளவே.

1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் இலண்டனின் நேரடி ஆட்சிக்கு மாறின. கடலும் அப்படியே இருந்தது, கப்பல்களும் அப்படியே இருந்தன. ஆனால், இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பினாங்கு இப்போது வெளியிடமாகிவிட்டது. தொழிலாளரை அனுப்புவதற்கு அனுமதிக்கப்பட்ட இடங்களின் பட்டியலில் அதன் பெயர் இல்லை. இச்சிக்கல் சற்றுத் தாமதமாகவே அதிகாரிகளுக்கு உறைத்தது. 1872இல் தனிச் சட்டம் இயற்றி வழியைத் திறந்தனர். தமிழர் மலாயா வருவதற்குச் சட்டம் குறுக்கே நின்றதும், பின் விலகியதும் அப்போதுதான் முதன்முறை என்று கருதுகிறேன்.

அக்காலத்துத் தோட்டத் தொழிலாளருள் பலர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். நம் பெரியவர்கள் ‘சஞ்சிக்கூலி’ என்பார்களே, அவர்கள்தாம். சஞ்சி என்பது வாக்குறுதியைக் குறிக்கும் ‘ஜாஞ்சி’ என்னும் மலாய்ச் சொல்லின் திரிபு. கப்பல் கட்டணமும் முன்பணமும் கடனாகத் தலையில் ஏறும். அதைத் தீர்க்கும்வரை தோட்டத்தை விட்டு நகர முடியாது. உள்ளே நுழைவது எளிது, வெளியே செல்வதுதான் அரிது என்ற அம்முறை 1910இல் ஒழிக்கப்பட்டது.

முன்சீப்பின் கையெழுத்து

அதன் பின் ஓங்கியது கங்காணி முறை. இங்கே சற்று நிதானமாக நிற்க விரும்புகிறேன். ஏனெனில், நம் பள்ளிகளில் இன்று பயிலும் பிள்ளைகளுள் பெரும்பாலோரின் முன்னோர் நுழைந்த வாயில் இதுதான்.

ஒரு தோட்டத்துக்கு ஆள் தேவை என்றால், அத்தோட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவரை முதலாளி ஊருக்கு அனுப்புவார். அவருக்குத் தொழிலாளர் துறை உரிமச் சீட்டு ஒன்றை வழங்கும். எந்தத் தோட்டம், எத்தனை ஆள் என்பவை அதில் குறிக்கப்பட்டிருக்கும். அச்சீட்டுடன் அவர் தம் சொந்த ஊருக்கும் சுற்று வட்டாரத்துக்கும் சென்று ஆள் சேர்ப்பார். சேர்ந்தவர்களைக் கிராம முன்சீப்பின் முன் நிறுத்த வேண்டும். இவர்கள் மனமொப்பிச் செல்கிறார்கள், செல்வதற்குத் தடை ஏதும் இல்லை என்று முன்சீப் கையெழுத்திடுவார். கடப்பிதழும் விசாவும் இல்லாத அக்காலத்தில், ஏழைத் தமிழன் ஒருவனின் கடல் கடந்த பயணத்தைத் தொடங்கிவைத்தது ஊர் முன்சீப் ஒருவரின் அந்தக் கையெழுத்துதான்! அவருக்கும் கங்காணிக்கும் இடையே கைமாறியது மை மட்டும்தானா என்று ஐயுறுவோர் உண்டு. நானும் அவர்களுள் ஒருவன்.

பிறகு ஆவடி அல்லது நாகப்பட்டினம் முகாம். அங்கே மருத்துவர் பார்ப்பார், அம்மை குத்துவார்கள். இந்திய அரசின் குடிபெயர்வோர் பாதுகாவலர் வந்து விசாரிப்பார். ஏமாற்றி அழைத்துவரப்பட்டோரை அவர் திருப்பி அனுப்பலாம். கப்பல் கட்டணத்தைத் தொழிலாளி தருவதில்லை. 1907இல் நிறுவப்பட்ட நிதி ஒன்று அதனை ஏற்றது. தென்னிந்தியத் தொழிலாளரை வைத்து வேலை வாங்கும் முதலாளிகள் அனைவரும் ஆள் கணக்குப்படி அதில் பணம் செலுத்தினர். எனவே 1907க்குப் பின் வந்தோர், சஞ்சிக்கூலிகளைப் போலன்றிக் கப்பல் கடன் இல்லாமல் இறங்கினர். (அந்நிதியே 1958இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாகி 1999இல் கலைக்கப்பட்டது. அதன் பணம் யாருக்கு உரியது என்ற கேள்வியை நம் பெற்றோருள் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.)

1922இல் இந்தியா புதிய குடிபெயர்வுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இந்திய அரசின் முகவர் ஒருவர் கோலாலம்பூரில் இருந்து தொழிலாளர் நிலையைக் கண்காணிக்கலானார். உதவி பெற்று வந்த தொழிலாளி, வந்த ஓராண்டுக்குள் உடல்நலக் குறைவு, ஒவ்வாத வேலை, முறையற்ற நடத்துகை ஆகிய காரணங்களைக் காட்டி, செலவின்றி ஊர் திரும்பக் கோரலாம் என்ற விதியும் உண்டு. தோட்டத்தின் நடுவே எழுத்தறியாமல் வாழ்ந்த ஒருவருக்கு இவ்விதி இருப்பதே எப்படித் தெரிந்திருக்கும் என்பது வேறு கேள்வி.

கப்பல் என்றால் நம்மவர்க்கு ‘ரஜுலா’தான். 1926இல் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சுவெட்டன்ஹாம் துறைமுகம், சிங்கப்பூர் எனப் பல்லாண்டுக் காலம் ஓடிய கப்பல் அது. மேல்வகுப்பினர்க்கு அறைகள் உண்டு. மற்றையோர் தளத்தில் பாய் விரித்துப் படுத்தனர். கப்பலில் வைசூரியோ வாந்திபேதியோ கண்டால், தளப்பயணிகள் பினாங்கை ஒட்டிய ஜெரஜாக் தீவிலோ சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவிலோ இறக்கப்பட்டு நாள் கணக்கில் தனிமையில் வைக்கப்பட்டனர். நல்ல உடலும் தோட்டமும் இருந்தால் போதும். பெயரைச் சரியாக எழுதினார்களா என்பதுகூட முக்கியமில்லை. நம் மாணவர் பலரின் பிறப்புப் பத்திரத்தில் பாட்டனார் பெயர் ஒருவகையாகவும் தந்தை பெயர் வேறுவகையாகவும் எழுத்துக்கூட்டப்பட்டிருப்பதன் தொடக்கம் இங்கேதான் இருக்கிறது.

கதவுகள் ஒவ்வொன்றாக மூடியபோது

முதல் உலகப்போருக்குப் பின்னரே கடப்பிதழ் என்னும் வழக்கம் உலகெங்கும் வேரூன்றியது. இந்தியக் கடப்பிதழ்ச் சட்டம் 1920இல் வந்தது. மலாயாவிலோ, கட்டுப்பாடு முதலில் சீனர் மீதே விழுந்தது. உலகப் பொருளாதார மந்தம் தாக்கிய 1930இல், சீன ஆடவர் இத்தனை பேர்தான் வரலாம் என்று எண்ணிக்கை வரையறுக்கப்பட்டது. 1933இல் அயலார் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்தியர் பிரிட்டிஷ் குடிமக்கள் என்பதால் அயலார் ஆகவில்லை. அதற்காக மகிழ்வதற்கும் இடமில்லை. அதே மந்தக் காலத்தில், ரப்பர் விலை வீழ்ந்ததும், இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆள் சேர்ப்பும் சில ஆண்டுகள் நிறுத்தப்பட்டது. வேண்டும்போது திறக்கவும் வேண்டாதபோது மூடவும், அதற்குச் சட்டம் தேவைப்படவில்லை.

முதல் பெரிய கதவை மூடியது மலாயா அன்று, இந்தியா. 1936இன் இறுதியில் வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி மலாயா வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். கங்காணி மூலம் ஆள் சேர்ப்பதை நிறுத்துமாறு அவருடைய 1937ஆம் ஆண்டு அறிக்கை பரிந்துரைத்தது. மறு ஆண்டில் தோட்ட முதலாளிகள் ஆண்களின் நாட்கூலியை 50 காசிலிருந்து 45 காசாகக் குறைத்தனர். 1938 ஜூன் 15ஆம் நாள், உதவி பெற்று உடலுழைப்புத் தொழிலாளர் மலாயா செல்வதை இந்திய அரசு தடைசெய்தது.

இவ்விடத்தில் என் குடும்பக் கதையைச் சொல்ல இசைவு கோருகிறேன். என் தாத்தாவும் பாட்டியும் 1937இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள். அப்போது அவர்களுக்கு இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. கடற்பயணத்தைத் தாங்காது என்று பாட்டியின் தாயார் குழந்தையைத் தம்மிடமே நிறுத்திக்கொண்டார். அடுத்த ஆண்டு வந்து அழைத்துச் செல்வதாக ஏற்பாடு. அடுத்த ஆண்டு 1938. இலவசக் கப்பல் நின்றது. சொந்தக் காசில் போய்வர நாட்கூலிக்காரருக்கு ஏது வழி? 1941இல் ஜப்பானியர் வந்தனர். 1945 வரை கடிதமும் இல்லை. போர் முடிந்து கப்பல்கள் ஓடத் தொடங்கியபின் ‘அடுத்த தீபாவளிக்கு’ என்று ஒவ்வோர் ஆண்டும் தள்ளிப்போயிற்று. குழந்தைகள் இங்கேயும் பிறந்துகொண்டிருந்தன. யாரும் எதையும் மூடிவிடப் போகிறார்கள் என்று அவர்கள் நினைக்கவில்லை.

1953 ஆகஸ்டு 1ஆம் நாள், முந்திய ஆண்டு இயற்றப்பட்ட குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவசரகாலம் நடந்துகொண்டிருந்த வேளை அது. இந்தியரையும் சேர்த்து, எல்லார்க்கும் கட்டுப்பாடு விதித்த முதல் சட்டம் இதுவே. தனித் திறன் உடையோர், குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஊதியம் பெறும் வேலைக்கு வருவோர், இங்கு வாழ்வோரின் மனைவி, சிறு வயதுப் பிள்ளைகள் எனச் சில வகையினர் மட்டுமே நுழைவு அனுமதி பெறலாம். வெறும் கையும் உழைக்கும் உடலும் இனித் தகுதியாகா. அவ்வாண்டு என் அத்தைக்கு வயது பதினெட்டு. பிள்ளை என்ற வகையில் அவர் அடங்கவில்லை. 1959இல் விதிகள் மேலும் இறுகி, நீண்ட ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்த மனைவியர்க்கும் வாயில் குறுகியபோது, இத்தகைய குடும்பங்கள் இன்னும் பெருகின.

நீலமும் சிவப்பும்

1957இல் விடுதலை பெற்ற மலாயாவில், மெர்டேகா நாளிலும் அதன் பின்னும் பிறந்த குழந்தை தானாகவே குடிமகன் ஆயிற்று. (1962இல் இவ்விதிக்கு நிபந்தனைகள் சேர்க்கப்பட்டன.) வெளியே பிறந்து இங்கு வாழ்ந்தோர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற வேண்டும். குறிப்பிட்ட கால வசிப்பு, நன்னடத்தை, மலாய்மொழி அறிவு ஆகியன கேட்கப்பட்டன. தோட்டத்துக்கு வந்து விளக்கிய தொழிற்சங்கத்தாரும் ஆசிரியர்களும் இருந்த இடங்களில் மக்கள் விண்ணப்பித்தனர். இல்லாத இடங்களில், ‘எப்படியும் ஊருக்குத்தானே போகப்போகிறோம்’ என்று இருந்துவிட்டனர். என் தாத்தா இரண்டாம் வகை.

என் தந்தை 1958இல் பிறந்தார். பின்னாளில் அவருக்கு நீல அடையாள அட்டை. அவரைப் பெற்றவர்க்குச் சிவப்பு அட்டை. ஒரே லயத்து வீட்டில், ஒரே அலமாரியில் இரண்டு நிறங்கள். 1968இல் நிறைவேறிய வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்த நிற வேறுபாட்டைச் சோற்றுத் தட்டுக்குக் கொண்டுவந்தது. குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்வதற்கு அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்றது அச்சட்டம். 1969ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாடு திரும்பிய இந்தியத் தொழிலாளர் ஏறத்தாழ 60,000 பேர் என ஆய்வாளர் எழுதியுள்ளனர். முப்பது, நாற்பது ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர்கள். தாத்தாவுக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த வீட்டுக் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் கொடுத்துவிட்டுப் போன ஆட்டுக்கல் இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

சிங்கப்பூர் நண்பர்களுக்காக ஒரு சொல். 1965இல் பிரிந்த பின், ஜொகூர் பாலத்தில் கடப்பிதழ்ச் சோதனை 1967இல்தான் தொடங்கியது. அதுவரை ஜொகூர்பாருவுக்குப் பலகாரம் வாங்கப் போய்வந்தவர், அதன் பின் ஆவணம் கொண்டு போனார்.

கப்பல்களின் கதையும் விரைவில் முடிந்தது. ‘ரஜுலா’ 1970களின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றது. அதன் வழியில் ஓடிய ‘சிதம்பரம்’ 1985இல் தீ விபத்துக்குள்ளானதும் கடல்வழிப் பயணமே நின்றுபோனது.

தகரப் பெட்டி

தாத்தா இறந்தபின் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். சிவப்பு அட்டை, வேலை அனுமதிச் சீட்டுகள், இந்தியாவிலிருந்து வந்த நீல நிற வான் அஞ்சல்கள். 1937ஐச் சேர்ந்த ஒரு தாள்கூட இல்லை. இருந்திருக்க முடியாது என்பது எனக்குப் பின்னரே விளங்கிற்று. சீட்டு கங்காணியுடையது, அவருக்கென்று எந்தத் தாளும் கொடுக்கப்படவில்லை.

இதனைப் பழங்கதை என்று தள்ளிவிட இயலாமைக்குக் காரணம் உண்டு. ஆசிரியர்கள் அறிவார்கள். முதலாம் ஆண்டுப் பதிவின்போது, பிறப்புப் பத்திரம் இல்லாமலோ, பத்திரத்தில் ‘குடிமகன் அல்லர்’ என்ற குறிப்புடனோ, ஏதாவது ஒரு குழந்தை வந்து நிற்கிறது. விசாரித்தால், தாத்தா விண்ணப்பிக்கவில்லை, அல்லது தாயின் பிறப்பைப் பதியவில்லை, அல்லது பெற்றோர் திருமணத்தைப் பதியவில்லை. 2011இல் ‘மைடஃப்தார்’ என்னும் இயக்கம் இத்தகைய இந்தியர்களைப் பதிவதற்காகவே நடத்தப்பட்டது. அந்நாட்களில் ஒரு பாட்டியை அலுவலகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். எப்போது இந்நாட்டுக்கு வந்தீர்கள் என்று முகப்பில் இருந்தவர் கேட்டார். பாட்டி, “நான் வரவில்லையே, இங்கேயேதானே பிறந்தேன்” என்றார். அதற்குச் சான்று இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. மருத்துவச்சி இறந்து நாற்பது ஆண்டுகள், தோட்டம் துண்டாடப்பட்டு இருபது ஆண்டுகள். நான்கு முறை நடந்தோம். நடந்ததற்குப் பலன் கிடைப்பதற்குள் பாட்டி காலமானார்.

ஆகவே பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். குழந்தை பிறந்தவுடன் பதியுங்கள். திருமணத்தைச் சடங்கோடு நிறுத்தாமல் பதியுங்கள். பெரியவர்களின் பழைய தாள்களைத் தீபாவளிக்கு வீடு துப்புரவு செய்யும்போது எறிந்துவிடாதீர்கள். பழைய சிவப்பு அட்டை ஒன்று, பேரப்பிள்ளையின் விண்ணப்பத்துக்குத் துணை நின்றதைக் கண்டிருக்கிறேன்.

என் அத்தையை நான் 2012இல் முதன்முறை சந்தித்தேன். விசா விண்ணப்பத்தில் உறவினர் பெயர் கேட்ட கட்டத்தில் அவர் பெயரையே எழுதினேன். எழுபத்தேழு வயது, என் தந்தையின் முகம். அவர் கடப்பிதழ் எடுத்ததே இல்லை. மலேசியா எப்படி இருக்கும் என்று என்னை அவர் கேட்கவில்லை. “அம்மா கடைசியில் என்ன சாப்பிட்டாங்க?” என்று மட்டும் கேட்டார். 2019இல் அவரும் மறைந்தார்.

2023 டிசம்பர் 1ஆம் நாள் முதல் இந்தியக் குடிமக்கள் முப்பது நாள் வரை விசா இன்றி மலேசியா வரலாம் என்ற அறிவிப்பு நடைமுறைக்கு வந்தது. சில மாதங்கள் கழித்து அத்தையின் பேரன் வந்தான். விமான நிலையத்தில் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டேன். “வரிசையில் அரை மணி நேரம் மாமா, அதிகாரி முன்னாடி ஒரு நிமிஷம்தான். எத்தனை நாள் தங்குவேன்னு கேட்டார், அவ்வளவுதான்” என்றான். மறுநாள் அவனைப் போர்ட் கிள்ளானுக்கு அழைத்துச் சென்றேன். சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்று தாத்தா கடைசிவரை சொன்ன இடம். துறைமுகத்தின் உள்ளே பொதுமக்களை விடுவதில்லை. வேலிக்கு இப்பால் நின்று இருவரும் கப்பல்களைப் பார்த்துவிட்டு வந்தோம்.